நீர் முன்னுக்குப் போம்

சேர்,

உங்களுடைய ஹெல்மெட் கந்தோர் அலுமாரிக்கு மேல்தான் இருக்கிறது. உங்கள் அடக்கத்தன்று உங்கள் மனைவி தந்தது. "அவர்தானே தம்பி உங்களை ஆளாக்கினவர்" என்றார். தலையாட்டினேன்.

இன்று காலை அதை எங்கள் புது அதிகாரிப் பிள்ளைக்குக் கொடுத்தேன். போட்டுப் பார்த்து முகம் சுளித்தாள். "ஆரின்ர எண்ணெய் மணம் சேர் இது?"

நான் மீன்பிடிக் கந்தோருக்கு வேலைக்கு வந்த புதிதில் அரிப்புக் கிராமத்துக்கு மோட்டார் சைக்கிளை நான்தான் ஓட்டுவேன். கடற்கரைக்கு முந்திய தேநீர்க்கடையில் நீங்கள் இறங்கிக்கொள்வீர்கள். "நீர் முன்னுக்குப் போம். நான் ஒரு பிளேன் ரீ குடிச்சிட்டு வாறன்."

கரைவலை யார் முந்தி இழுப்பது என்ற சண்டையில் எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொள்வார்கள். "படிச்சவராம்! வலைக்கு எது தலை எது காலெண்டு கேளுங்கோ!" அவர்கள் கத்திக் களைத்ததும் நீங்கள் வந்து, அவர்கள் முன்னாலேயே என்னை ஏசுவீர்கள். அவர்கள் குளிர்ந்துபோவார்கள்.

திரும்பும்போது சொல்வீர்கள்: "என்னில கோவிச்சா அலுவல் முடியாது. உம்மில கோவிச்சா முடியும்." அதைப் பயிற்சி என்று நம்பினேன். நத்தார்ப் பண்டிகைக்கு உங்கள் வீட்டுக்கு அழைத்ததையும் அன்பு என்று நம்பினேன். யோசித்துப் பார்த்தால், நான் இடமாற்றம் கேட்கப்போவதாகக் கதை அடிபட்ட பிறகுதான் 'தம்பி' என்று கூப்பிடத் தொடங்கினீர்கள்.

தலைமன்னார்ப் பக்கத்துப் பொறுப்பு காலியானபோது மேலதிகாரி உங்களிடம் என்னைப் பற்றிக் கேட்டார். கந்தோர் அரைச்சுவருக்கு இப்பால் என் கதிரையில் நான் இருந்தேன். "ஆள் நல்லவர். ஆனா இன்னும் கொஞ்சம் பழகவேணும்." அந்த இடம் வேறொருவருக்குப் போனது. நான் இருப்பது தெரிந்தா சொன்னீர்கள்? இத்தனை வருடமாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அடுத்த முறை அரிப்புக்குப் போனபோதும் நானே ஓட்டினேன்.

இன்று பிள்ளை ஓட்டினாள். தேநீர்க்கடை வந்ததும் என் கால் தானாக இறங்கியது. "நீர் முன்னுக்குப் போம், பிள்ளை."

"நீங்கள் வராட்டில் எனக்கும் ஒரு பிளேன் ரீ சொல்லுங்கோ, சேர்" என்று அவளும் இறங்கிக் கடை வாங்குப் பலகையில் உட்கார்ந்தாள். எனக்கு அப்படிச் சொல்லத் தோன்றியதேயில்லை.

மத்தியானம் மேலதிகாரி தொலைபேசியில் கேட்டார்: அதே தலைமன்னார்ப் பொறுப்பு, அவளுக்குக் கொடுக்கலாமா? "நல்ல பிள்ளை. ஆனா இன்னும் கொஞ்சம் பழகவேணும்" என்றேன்.

அரைச்சுவருக்கு அப்பால் அவளுடைய கதிரை கிறீச்சிட்டது. உங்களுடைய கதிரையில் உட்கார்ந்துகொண்டு அதைத் தெளிவாகக் கேட்டேன்.

அன்று என் கதிரையும் கிறீச்சிட்டது, சேர்.