ஓக் மரத்துப் பூச்சியும் என் தம்பியும்

அக்டோபர் 19
மலையில் என் கடைக்குப் பின்னால் நிற்கும் ஓக் மரத்து இலைகளில் வெள்ளைக் கோடுகள். ஒன்றைக் கிழித்துப் பார்த்தேன். இலையின் இரண்டு தோலுக்கும் நடுவே நூல் நுனி அளவு புழு. வீடும் சோறும் ஒரே இலை. கொடுத்து வைத்தது.

நவம்பர் 6
ஜாம் பாட்டிலில் போட்டு வைத்த இலையிலிருந்து அந்துப்பூச்சி வந்துவிட்டது. எள்ளை விடக் கொஞ்சம் நீளம், சிறகில் பொன் கோடு. இவ்வளவு அழகாக இருந்துகொண்டா இந்த அநியாயம்? திட்டிவிட்டுத் திறந்து விட்டேன். பைத்தியக்காரி நான்.

ஜனவரி 11
அமானுல்லா மாமா மகள் நிக்காஹுக்குத் தம்பி அஸ்பாக் பழனியிலிருந்து வந்தான். அங்கே கடை வைத்திருக்கிறான், சீசனுக்கு மட்டும்தான் மலையேறுவான். மரத்தை இலையோடு மட்டுமே பார்த்தவன். இன்று மொட்டையாகப் பார்த்ததும் முகத்தில் பெருநாள்.

"ஜஹீராக்கா, மரம் செத்துப்போச்சு. பூச்சி தின்னு முடிச்சிருச்சு. வெட்டிட்டு வாடகைக்கு விட ரூம் கட்டிருவோம்."

இடம் இருவருக்கும் பொது. மூன்று வருடமாக இதே பாட்டுதான். பனியில் இலை கொட்டுவது இந்த மரத்தின் வழக்கம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"தளிர்த்துச்சுன்னா?" என்றேன்.

"தளிர்த்தா ரூம் பேச்சே எடுக்க மாட்டேன். தளிர்க்கலைன்னா நீ குறுக்க நிக்கக் கூடாது."

சரி என்றேன். அமானுல்லா மாமாதான் சாட்சி.

ஜனவரி 12
வாய் சவால் விட்டுவிட்டது. இத்தனை இலையைப் பூச்சி தின்று நான் பார்த்ததில்லை. நிஜமாகவே பட்டுப்போனால்?

உதிர்ந்த இலைக்குள்ளும் கூடு இருக்கிறது. எல்லாவற்றையும் கூட்டி எரித்தேன். பக்கத்துக் கடை ராஜகுமாரி, "செத்த மரத்துக்கு எதுக்குக்கா இந்தச் சோலி?" என்றாள்.

"யாரு சொன்னா செத்துச்சுன்னு?" சத்தமாகவே கேட்டேன்.

பிப்ரவரி 20
ஒன்றுமில்லை.

மார்ச் 8
இன்னும் இல்லை. அஸ்பாக் கொத்தனாரிடம் பேசிவிட்டானாம். பேசட்டும். நான் இருக்குற வரைக்கும் ஒரு செங்கல் இங்க இறங்காது — வாக்குக் கொடுத்தேனே? கொடுத்தேன்தான். அதுக்கென்ன இப்ப!

மார்ச் 17
மொட்டு! கீழ்க்கிளையில். அழுதுவிட்டேன்.

ஏப்ரல் 14
அஸ்பாக் மாமாவோடு வந்தான். அண்ணாந்து பார்த்தான். மரம் முழுக்கப் பச்சை.

"வருசா வருசம் இப்பிடித்தான் கொட்டுமாக்கா?"

"ஆமா."

"தெரிஞ்சுக்கிட்டே சொல்லலையா?"

"நீ கேக்கலையே."

மாமா சிரித்துவிட்டார். அவன் விடுவானா? ஒரு இலையை இழுத்துக் காட்டினான். புதிதாக ஒரு வெள்ளைக் கோடு.

"பாரு, பூச்சி திரும்ப வந்துருச்சு."

"தின்னுட்டுப் போகட்டும். அது இலையைத்தான் கேக்குது. மரத்தைக் கேக்கல."

இலையை விட்டுவிட்டான். பிறகு டீ கேட்டான். நிழலில் நாற்காலி எடுத்துப் போட்டேன்.