சாம்பல் மூடிக் குழாய்கள்

மார்ச் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

நீயும் அப்பாவும் நலம்தானே. உன் மருத்துவமனை ரத்தப் பெட்டி இன்றும் ஒன்பது மணி நேரம் வண்டியில் வெந்துதான் எங்கள் ஆய்வகத்துக்கு வந்தது. மறுபடியும் எல்லாம் சிவப்பு மூடிக் குழாய்கள். குழாய்க்குள் போனாலும் ரத்த அணுக்களுக்கு உயிர் இருக்கிறது, பசிக்கிறது. வழியெல்லாம் சர்க்கரையைத் தின்றுகொண்டே வருகின்றன. அதைத் தடுக்கும் மருந்து சாம்பல் மூடிக் குழாயில் இருக்கிறது. இருநூறு அனுப்பினேனே, எங்கே வைத்தாய்? ரத்தம் எடுத்த நேரத்தையும் எழுதச் சொல். சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

சின்னவள்

மார்ச் 6

அன்புத் தங்கைக்கு,

உன் குழாய்கள் அலமாரியில் பத்திரமாகத் தூங்குகின்றன. நர்ஸுக்குப் புதுப் பழக்கம் சொல்லிக்கொடுக்க எனக்கு நேரமில்லை. நீ குழாயைப் பார்க்கிறவள், நான் நோயாளியைப் பார்க்கிறவன். பாடப் புத்தகத்தை என்னிடம் ஒப்பிக்காதே.

ஒரு நல்ல செய்தி. அப்பாவுக்குச் சர்க்கரை 92 என்று நீயே அனுப்பியிருக்கிறாய். இன்சுலினைப் பாதியாகக் குறைத்துவிட்டேன். தண்ணீர்தான் குடம் குடமாகக் குடிக்கிறார். வெயில்.

உன் அண்ணன்

மார்ச் 8

அண்ணா,

அது அப்பாவின் ரத்தம் என்று எனக்கு எப்படித் தெரியும்? குழாயில் வெறும் எண்தான் இருந்தது. அந்த 92, அணுக்கள் தின்றது போக மிச்சம். நேற்றிலிருந்து ஆறு தடவை போன் செய்துவிட்டேன். "டாக்டர் ரவுண்ட்ஸ்ல இருக்காருங்க" என்று நர்ஸ் வைத்துவிடுகிறாள்.

ரத்தத்தில் 92 என்றால் சிறுநீரில் சர்க்கரை வரக் கூடாது. சோதனைக் குச்சியை நனைத்துப் பார். நிறம் மாறினால் நான் சொல்வதுதான் சரி. இரண்டு நிமிட வேலை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. அவர் உனக்கு மட்டும் அப்பா இல்லை.

சின்னவள்

மார்ச் 11

சின்னவளுக்கு,

உன் கடிதம் வந்தபோது அப்பாவுக்கு நினைவு தப்பியிருந்தது. குச்சி உடனே பழுப்பாகிவிட்டது. இன்சுலினும் சலைனும் ஏற்றிக்கொண்டு இரண்டு நாளாகப் பக்கத்திலேயே இருக்கிறேன். இன்று காலை கண் விழித்தார். நடந்ததைச் சொன்னேன்.

"மருந்தைக் குறைக்கறப்ப சின்னவளைக் கேட்டியாடா?"

"அவ முன்னாடியே சொன்னாப்பா. நான்தான் காதுல போட்டுக்கல."

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

இந்தப் பெட்டியில் முப்பது குழாய்கள், எல்லாம் சாம்பல் மூடி. நேரத்தை நானே எழுதினேன். முதல் குழாயில் எண் இல்லை. 'அப்பா' என்று எழுதியிருக்கிறேன்.

உன் அண்ணன்