நடுவில் நின்ற அம்மா

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நானும் தம்பியும் நலம். உங்கள் முதுகுவலிக்குத் தைலம் தடவிக்கொள்ளச் சொன்னாள் அம்மா. இந்தக் கடிதத்தில் அவளுக்குத் தெரிந்த வரி அது ஒன்றுதான்.

வார்டுக் கூட்டங்களில் பெண்களும் பேச வேண்டும் என்று ஒரு தொண்டு நிறுவனம் நம் பகுதியில் பெண்கள் மன்றம் நடத்துகிறது. அம்மா அதில் ஒரு வருடமாக இருக்கிறாள். பேருந்து நிறுத்தத்தில் விளக்கு வந்துவிட்டதென்று சந்தோஷப்பட்டீர்களே, கூட்டத்தில் எழுந்து அதைக் கேட்டு வாங்கியது அவள்தான்.

போன வாரம், இந்தத் திட்டத்தால் ஏதாவது மாறியிருக்கிறதா என்று பார்க்க ஒரு பெண் மதிப்பீட்டாளர் வந்தார். நல்லதாக நாலு வார்த்தை சொல்லி அனுப்பிவிடலாம் என்று மன்றத்துப் பெண்கள் எல்லோரும் பேசி வைத்திருந்தார்கள். அவரோ பேசவே விடவில்லை. நூலக மாடியில் நாற்காலிகளை ஓரங்கட்டினார். அவர் கேட்பதற்கு ஆம் என்றால் ஜன்னல் பக்கம், இல்லை என்றால் கதவுப் பக்கம் போய் நிற்க வேண்டுமாம். புத்தகம் மாற்றப் போன நான் படியில் நின்று பார்த்தேன்.

வார்டில் உங்கள் பேச்சு எடுபடுகிறதா என்று கேட்டார். எல்லோரும் ஜன்னலுக்குப் போனார்கள். வீட்டில் எடுபடுகிறதா என்றார். தயங்கித் தயங்கி இரண்டாகப் பிரிந்தார்கள். அம்மா மட்டும் நடுவில் நின்றுவிட்டாள்.

எதிர்வீட்டுத் தையல்கார அக்கா விடுவாரா? “என்னக்கா, பஸ்ஸுக்கா நிக்கிறீங்க?” என்றார். அம்மாவும் சிரித்துக்கொண்டே, “நான் இங்க வர்றதே அவருக்குத் தெரியாதுடி. சொல்லிப் பாத்தாத்தானே எந்தப் பக்கம்னு தெரியும்” என்றாள். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

இப்போது வார்டுக் குழுத் தேர்தலில் அம்மாவை நிற்கச் சொல்கிறார்கள். அடுத்த மாதத்துக்குள் பெயர் கொடுக்க வேண்டும். உங்களிடம் சொல்லாமல் கொடுக்கமாட்டாளாம். சொல்லவும் வாய் வரவில்லை. “திட்டினாக்கூட பதிலுக்குத் திட்டிடுவேன். உனக்கெதுக்கு இந்தச் சிரமம்னு அன்பாச் சொல்லிட்டாருன்னா என்ன பண்ணுவேன்?” என்று அந்த அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்பா, தொலைபேசியில் அம்மாவிடம் என் மதிப்பெண்ணை விசாரிக்கிறீர்கள், என்னிடம் அம்மாவின் உடம்பை விசாரிக்கிறீர்கள். வரும் ஞாயிறு மட்டும் அவள் என்ன செய்கிறாள் என்று அவளையே கேளுங்கள். ஒன்றுமில்லை என்று மழுப்புவாள். இன்னொரு தடவை கேளுங்கள். அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் என்ன சொன்னாலும், அந்தச் சிரமம் என்கிற வார்த்தை மட்டும் வேண்டாம், அப்பா.

உங்கள் செல்ல மகள்,
புத்தகப்புழு