வானத்தைத் திருகி வைத்தது யார்

இயேசு மரி சூசை துணை
திண்டிவனம்

அன்புள்ள மகன் லூர்து பிரகாஷுக்கு அம்மா எழுதுவது. புனேயில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, தாடியை மழித்து, மனுஷனாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருக்கிறோம், நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. போனில் சொன்னால் அப்பா காதில் விழும், வீடு சின்னது, என் தொண்டை பெரியது. அதனால்தான் நாலாங்கிளாஸ் கையெழுத்தில் எழுதுகிறேன், பிழை பார்க்காமல் படி. உன் அக்கா வெண்ணிலாவுக்கு ஜுரம் விட்டது, பால்தான் இன்னும் நிற்கவில்லை, வற்றட்டும் என்று தினமும் மாரில் மல்லிகைப் பூ வைத்துக் கட்டிவிடுகிறேன்.

தவக்காலத் தியானத்தில் சாமியார் சொன்னதைப் பிடித்துக்கொண்டு அப்பா உன்னோடு வாராவாரம் போனில் மல்லுக்கு நின்றாரே, பூமி இழுக்கிற இழுப்பு மயிரிழை மாறினாலும் நட்சத்திரம் எரியாதாம், நாமும் இல்லையாம், ரேடியோ முள்ளே தானா ஸ்டேஷன்ல போயி நிக்காது, வானம் நிக்குமாடா என்று. நீயும் விடாமல், உலகம் கணக்கில்லாம இருக்கலாம்பா, அதுல ஒண்ணு வாய்ச்சுது, வாய்க்காத எடத்துல ஏன்னு கேக்க ஆள் இல்ல என்றாய். கேப்பைக் களிக்குத் தண்ணீர் கச்சிதமாக வைக்கிற என்னை ஒருத்தரும் கும்பிடவில்லையே என்று நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஏழாம் மாதத்தில் பிறந்த அக்கா பிள்ளையை முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தபோது, சூடு ஒரு புள்ளி கூடாமல் குறையாமல் இருப்பதை அப்பா பார்த்துக்கொண்டே நின்றார். பாத்தியா மேரி, திருகி வச்சிருக்காங்க, ஒண்ணும் ஆவாது என்று என்னிடம் சொன்னார். டாக்டரும் நர்சும் தங்கள் பிள்ளை மாதிரிதான் பார்த்தார்கள், ஆனாலும் மூச்சு இறங்கிவிட்டது. சாமியார் வர நேரமில்லை. ஆபத்து வேளையில் யாரும் தண்ணீர் தொட்டு ஞானஸ்நானம் கொடுக்கலாம் அல்லவா, நர்சைக் கேட்டு ஈரப் பஞ்சை நெற்றியில் வைத்து அப்பாதான் கொடுத்தார். ஆரோக்கியம் என்று பெயர் வைக்கும்படி அக்கா சொல்லியிருந்தாள். பதற்றத்தில் அப்பா வாயில் வந்தது லூர்து பிரகாஷ். உன்னைத் திட்டித் திட்டி நாக்கில் அதுதான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் பிள்ளை போய்விட்டான்.

பிள்ளை போனது உனக்குத் தெரியும், இந்தப் பெயர் விஷயத்தைத்தான் உன்னிடம் சொல்லாமல் இருந்தோம். கொடுத்த பெயர் கொடுத்ததுதான் என்று சாமியார் சொல்லிவிட்டார். கல்லறையில் சிலுவையில் உன் பெயர் எழுதியிருந்ததைப் படித்து அப்பா அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து உன் பெயர் அவர் வாயில் வருவதில்லை. உன் போன் வந்தால் பின்கட்டுக்குப் போய்விடுகிறார், வாதத்தில் தோற்ற கோபம் என்று நினைக்காதே. பூசைக்கும் போவதில்லை. அவன் சொன்னதுதான் சரி, வாய்க்காத எடம் நம்ம வூடுதான் என்கிறார். திருகியது யார் என்று எனக்குத் தெரியாது, கேட்க வேண்டியதை ஜெபமாலையில் நானே கேட்டுக்கொள்கிறேன். நீ ஆறுதல் சொல்லாதே, கடவுள் இருக்கிறார் என்று அவருக்காகப் பொய்யும் சொல்லாதே, கண்டுபிடித்துவிடுவார்.

தேவமாதா உன்னைக் கண்போலக் காப்பாள். மறக்காமல் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, போனை அவர் காதில் நானே வைக்கிறேன். பிரகாஷ் பேசுறேன்பா, ரேடியோ முள்ளு தானாவும் நிக்கும் என்று ஆரம்பி. அவர் உன்னைத் திட்ட வேண்டும். திட்டுவதென்றால் உன் பெயரைச் சொல்லித்தானே ஆகவேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
அமலோற்பவமேரி