அடக்கத்தன்று நடந்த கல்யாணம்

பொயெனி கிராமம்,
1920 பிப்ரவரி 12

அன்புள்ள மருமகள் சஃப்தாவுக்கு,

கலாட்ஸ் துறைமுகத்தில் காற்று எலும்பு வரைக்கும் போகும் என்று சொல்கிறார்கள். நீ வேலை செய்யும் வீட்டில் உனக்குப் படுக்க அடுப்படி ஓரமாவது கிடைத்திருக்கும் என்று நம்புகிறேன். நான் இருக்கிறேன். என் இருமலும் இருக்கிறது. பசுவை விற்றுவிட்டேன். அதற்கு வைக்கோல் இல்லை, எனக்குப் பால் இல்லை; ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் நிற்பது? இப்போது பாதிரியார் வீட்டுத் துணிகளைத் துவைக்கிறேன். ஆற்றில் பனிக்கட்டியை உடைத்துத்தான் துணியை முக்க வேண்டியிருக்கிறது. விரலெல்லாம் வெடித்திருப்பதால் எழுத்து கோணலாக இருக்கும்.

முன்பு மட்டும் நேராகவா இருந்தது என்று நீ கேட்கலாம். பட்டாளத்துக்குப் போவதற்கு முந்தைய குளிர்காலத்தில், ரொட்டிப் பலகையில் மாவைப் பரப்பி, அதில் விரலால் எழுதித்தான் கவ்ரில் எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தான். "நான் எழுதற கடுதாசிய ஊரான் படிச்சா உனக்குச் சொல்லணும்? நீயே படிம்மா" என்றான். தப்பாக எழுதினால் மாவை ஊதிவிடுவான். வீடெல்லாம் மாவு, அவன் மீசையெல்லாம் மாவு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மகனைப் போரில் பறிகொடுத்த விதவைத் தாய்மாருக்கு அரசாங்கம் பென்ஷன் தருகிறது என்று பாதிரியார் சொன்னார். பெட்டியில் இருந்த காகிதங்களையெல்லாம் எடுத்துக்கொண்டு பட்டணத்துக்கு நடந்தேன். கவ்ரில் கால் அழுகிச் செத்தானே, அந்த ராணுவ ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளித்தான் பென்ஷன் ஆபீஸ். ஆஸ்பத்திரி வாசல் வழியாகப் போகக் கூடாது என்று சுற்றிக்கொண்டு போனேன்.

அங்கே இருந்த அதிகாரிக்கு இடது கை இல்லை. அவரும் போர்முனைக்குப் போனவர்தான். மரியாதையாகத்தான் பேசினார். காகிதத்தைப் படித்துவிட்டு, "அம்மா, உங்க மகனுக்கு மனைவி இருக்கறதா பதிவாகியிருக்கே. பென்ஷன் அவங்களுக்குத்தான் போகும். மனைவி இல்லன்னாத்தான் தாய்க்கு" என்றார்.

அந்தப் பதிவு எப்படி வந்தது தெரியுமா? நான் சொல்லி வந்ததுதான். அடக்கம் முடிந்த மறுநாள், சாவுப் பதிவுக்காகக் கிராம எழுத்தர் வீட்டுக்கு வந்தார். சமவெளி ஊரிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர். நம் மலை வழக்கம் அவருக்கு எப்படித் தெரியும்? "கல்யாணம் ஆனவரா?" என்று குனிந்தபடியே கேட்டார். நீ சூடியிருந்த கல்யாணக் கிரீடம் அப்போதும் கதவில் தொங்கிக்கொண்டிருந்தது. நாம் பிட்டுக் கொடுத்த கல்யாண ரொட்டியின் துணுக்குகளை நான் இன்னும் மேஜையிலிருந்து பெருக்கவில்லை. "ஆச்சு" என்றேன். பெண் பெயர் கேட்டார். உன் பெயரைச் சொன்னேன். வேறு என்ன சொல்ல முடியும் என்று நீயே சொல்.

அதிகாரி, கல்யாணம் எந்தத் தேதியில் நடந்தது என்று கேட்டார். அடக்கம் செய்த அன்றுதான் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

பிறகு மெதுவாக, "அம்மா, கல்யாணமாகாம செத்தவனுக்குப் பண்ற சடங்கு அது. எங்க பக்கமும் உண்டு. சட்டத்துல அது கல்யாணம் ஆகாது. அவனுக்குக் கல்யாணமே நடக்கலைன்னு ஒரு வாக்குமூலம் எழுதிக் குடுங்க, மத்தத நான் பாத்துக்கறேன்" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. "உங்களுக்குப் போனது கையே இல்ல, வெறும் சட்டைக் கைதான்னு எழுதிக் குடுன்னா எழுதிக் குடுப்பீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பாவம், நான் பேசியது தப்புதான். வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

ஆனாலும் நான் எழுதிக் கொடுக்க மாட்டேன் சஃப்தா. இருபத்து மூன்று வயதில் போனான். கல்யாணம் காணாமல் செத்தவன் அந்த உலகத்தில் வாசல் வாசலாக அலைவான் என்றுதானே உன்னைக் கேட்டேன்? உனக்கு முன்னால் இரண்டு பெண்கள் பயந்து மறுத்துவிட்டார்கள். நீதான் மணப்பெண்ணின் வெள்ளை உடுத்திக்கொண்டு வந்தாய். மாலையும் ரிப்பனும் கட்டிய தேவதாரு மரம் முன்னால் போக, அவன் பெட்டியைத் தொட்டபடி கல்லறை வரை நடந்தாய். அவன் விரலில் மெழுகு மோதிரம் போட்டாய், உன் விரலிலும் ஒன்று போட்டுக்கொண்டாய். அது நடக்கவே இல்லை என்று நான் எப்படி எழுதுவேன்?

அதனால் ஒரு வழி யோசித்தேன். அவன் மனைவியென்று நீயே மனுப் போடு. பென்ஷன் உன் பெயருக்கே வரட்டும். எனக்கு ஒரு மூட்டை சோள மாவு வாங்கிக் கொடுத்தால் போதும், களி கிண்டித் தின்றுகொள்வேன். யோசித்துப் பதில் எழுது.

உன் மாமியார்,
பரஸ்கீவா

*

பொயெனி,
1920 ஏப்ரல் 20

அன்புள்ள சஃப்தாவுக்கு,

கிறிஸ்து உயிர்த்தெழுந்தார். அங்கே நீ மெய்யாகவே எழுந்தார் என்று சொல்லிக்கொள்.

நீ அனுப்பிய சர்க்கரையும் கம்பளிக் காலுறையும் வந்து சேர்ந்தன. கடிதத்தில் நான்கு வரிதான் எழுதியிருந்தாய். "நீங்க சொல்ற எடத்துல கையெழுத்துப் போடறேன் அத்தை" என்று. அதைப் படித்துவிட்டு எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? பாதிரியார் மனைவியிடம் கூடக் காட்டினேன். மருமகள் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று பெருமையடித்துக்கொண்டேன். முட்டாள் கிழவி நான்.

ஈஸ்டர் பண்டிகைக்கு மறுநாள் உன் அம்மா கத்தீங்கா வந்தாள். கையில் பண்டிகைக்குக் கொடுக்கும் சிவப்பு முட்டை இல்லை. வாசலிலேயே நின்றுகொண்டு தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். "ஏண்டி பரஸ்கீவா, உன் புள்ளைய பொதைச்சது பத்தாதா? எம் பொண்ணையும் சேத்துப் பொதைக்கப் பாக்கறியா? ஒரு நாள் நிக்கட்டும்னு அனுப்பினேன், ஆயுசுக்கும் நிக்கவா அனுப்பினேன்?"

நானும் சும்மா இருக்கவில்லை. உன் பெண்ணை யாரடி கட்டிப்போட்டது, கலாட்ஸில் சர்க்கரையும் காபியுமாகத்தானே இருக்கிறாள் என்றேன். அப்போதுதான் சொன்னாள். ரொட்டிக் கடையில் வேலை செய்யும் மனோலே என்ற பையன் உன்னைக் கேட்டிருக்கிறான். உனக்கும் சம்மதம். கல்யாணப் பதிவுக்கு நீ கன்னிப்பெண் என்று ஊரிலிருந்து சான்றிதழ் வேண்டும். உன் அம்மா எழுத்தரிடம் போய்க் கேட்டிருக்கிறாள். அவர் பதிவேட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "உங்க பொண்ணு கவ்ரிலோட விதவைன்னுல்ல இருக்கு, நான் எப்படித் தர்றது?" என்று மூடிவிட்டார். சேதி தெரிந்ததும் மனோலேயின் தாய், விதவையை வீட்டுக்குள் சேர்க்க மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாளாம்.

இது எதையுமே நீ எனக்கு எழுதவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் எனக்கு உன் மேல்தான் பற்றிக்கொண்டு வந்தது. அவன் மண்ணுக்குள் போய் ஆறு மாதம்தான் ஆகிறது, அதற்குள் ரொட்டிக்கடைக்காரனா என்று நினைத்தேன். உன் காலுறையைக் கழற்றி அடுப்பில் போடப் போனேன். போடவில்லை. குளிர்.

அப்புறம் உட்கார்ந்து யோசித்தேன். நீ கவ்ரிலோடு ஞாயிற்றுக்கிழமை வட்ட நடனத்தில் இரண்டு முறை ஆடியிருக்கிறாய். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அவனுக்கு நீ வாக்குக் கொடுக்கவில்லை, அவனும் கேட்கவில்லை. மகனை இழந்த ஒருத்தி வந்து காலைப் பிடித்தாள் என்று ஒரு நாள் மணப்பெண்ணாக நின்றாய். அதற்கு உன் வயசு முழுவதையும் கூலியாகக் கேட்கிறேன், நீயும் மறுக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறாய். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆனால் அந்த வாக்குமூலத்தை எழுதக் கை வரமாட்டேன் என்கிறதே பெண்ணே. பாதிரியாரிடம் கேட்டேன். "நீ பண்ணி வெச்ச கல்யாணம் கோயில் ஏட்டுலயும் இல்ல. கடவுள் எந்த ஏட்டையும் பார்த்து யாரையும் உள்ள விடறதில்ல, பரஸ்கீவா" என்றார். அவர் படித்தவர், சொல்லுவார். இராத்திரி அவன் வந்து ஏம்மா அப்படி எழுதினே என்று கேட்டால் அவரா பதில் சொல்லப் போகிறார்?

கொஞ்ச நாள் பொறுத்துக்கொள். மனோலேயிடமும் பொறுக்கச் சொல்.

பரஸ்கீவா

*

பொயெனி,
1920 மே 31

என் மகள் சஃப்தாவுக்கு,

இதோடு வரும் காகிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள். அதில் எழுத்தரின் முத்திரை இருக்கிறது. சஃப்தா கன்னிப்பெண், அவளுக்கு இதுவரை திருமணம் ஆனதில்லை என்று எழுதியிருக்கிறது. மனோலேயின் தாயிடம் கொண்டுபோய் மூக்குக்கு நேராக நீட்டு.

வெள்ளிக்கிழமை போய் எழுதிக் கொடுத்துவிட்டேன். சனிக்கிழமை செத்தவர்களுக்குப் படைக்கிற நாள். எழுதப் போகும் பொய்யை வயிற்றில் வைத்துக்கொண்டு அவன் முன்னால் போய் நிற்பதை விட, எழுதிவிட்டுப் போய் நேரில் சொல்லிவிடுவது மேல் என்று தோன்றியது.

எழுத்தர் என்னைப் பார்த்ததும் மசிப் பெட்டியைத் திறந்து, "கைநாட்டு போதும்மா, நான் எழுதிக்கறேன்" என்றார். "எனக்கு எழுதத் தெரியும், நகருங்க" என்றேன். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். என் மகன் கவ்ரில் திருமணமாகாமல் இறந்தான். அவனுக்கு மனைவி இருந்ததில்லை. இரண்டே வரி. வெளியே வண்டிக்காரர்கள் வந்து காத்திருக்கிற அளவுக்கு நேரமாயிற்று. அவன் பெயரை எழுதும்போது எழுத்து நேராகவே வந்தது. மாவில் எத்தனை முறை எழுதிய பெயர். அடுத்த வரியில்தான் பேனா குத்திக் காகிதம் கிழிந்தது. வேறு காகிதம் கொடுத்து மறுபடி எழுதச் சொன்னார். ஆக, இரண்டு முறை எழுதினேன். அவன் சொல்லிக்கொடுத்த எழுத்தை வைத்து அவனுக்கு நான் செய்தது இது.

சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும் என்றார். ஒருவர் பாதிரியார். இன்னொருவர் யார் தெரியுமா? உன் அம்மா. கைநாட்டு வைத்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். பண்டிகைக்கு மறுநாள் திட்டியதற்கெல்லாம் சேர்த்து அழுதிருப்பாள் என்று வைத்துக்கொள்.

மறுநாள் புதுக் குவளையில் பாலும், தேன் விட்ட கோதுமையும் எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போனேன். நாம் நட்ட தேவதாரு காய்ந்துவிட்டது. இலையெல்லாம் உதிர்ந்து குச்சியாக நிற்கிறது, உன் ரிப்பன் மட்டும் ஒன்று தொங்குகிறது. அதைப் பிடுங்கக் கூடாது, தானாக விழும் வரைக்கும் நிற்க வேண்டும் என்பது உனக்குத் தெரியும். அவனிடம் சொன்னேன். "டேய், அந்தப் பொண்ண விட்டுடு. அவ உனக்காக நடந்தது போதும். அந்த உலகத்துல யாராவது கேட்டா, எங்கம்மா பண்ணி வெச்சா, எங்கம்மாவே இல்லேன்னுட்டா, ரெண்டும் அவ பாவம்னு சொல்லு" என்றேன். காற்று கூட அடிக்கவில்லை. பாலைப் பக்கத்துக் கல்லறைக்கு வந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பென்ஷன் வர மூன்று மாதமாகும் என்று அந்த ஒற்றைக் கை அதிகாரி சொல்லி அனுப்பியிருக்கிறார். அது வந்தால் குளிர்காலத்தில் ஆற்றில் பனிக்கட்டியை உடைக்க வேண்டியிருக்காது. அதற்குள் எனக்காகச் சர்க்கரை அனுப்பிக்கொண்டிருக்காதே. கல்யாணச் செலவைப் பார்.

உன்னிடம் இருக்கும் மெழுகு மோதிரத்தைத் தூக்கி எறிந்துவிடாதே. கல்யாணத்தன்று கோயிலில் பிடிக்கப் போகும் மெழுகுவர்த்தியோடு அதையும் உருக்கிச் சேர்த்துவிடு. யாருக்கும் சொல்ல வேண்டாம். எரிந்து தீர்ந்துவிடட்டும்.

பிள்ளை பிறந்தால் கவ்ரில் என்று பெயர் வைக்கச் சொல்லி உன் அம்மா எனக்காகக் கேட்பாள். வைக்காதே. அந்தப் பெயரை யாராவது தெருவில் கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்ப்பேன். எனக்கு அது தாங்காது.

இனி உன்னை மருமகளே என்று எழுதக் கூடாது. கேட்க வேண்டும் என்று நினைத்த கேள்வி ஒன்று இருந்தது. அன்றைக்கு நீ எனக்காக வந்தாயா, அவனுக்காக வந்தாயா என்று. இப்போது கேட்கவில்லை. எதைச் சொன்னாலும் எனக்கு வலிக்கும், நீ சொல்லாமலே இரு.

உன் கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன். மூன்று வருஷத்துக்குத் துக்கக் கறுப்பைக் கழற்ற முடியாது. கறுப்போடு மணவீட்டு வாசலில் நின்றால் உனக்கு ஆகாது. அன்றைக்கு இங்கே ஒரு ரொட்டி சுட்டு, கத்தீங்காவோடு பிட்டுத் தின்பேன். நீ நிறையப் பெற்று, நிறைய வளர்த்து, ஒன்றையும் பறிகொடுக்காமல் எனக்கு மேல் வயதாகி இரு. மனோலே உன்னை அடிக்காமல் இருக்கட்டும். அரசாங்கம் அவனை எதற்கும் கூப்பிடாமல் இருக்கட்டும்.

கல்யாணமாகாமல் இறந்த கவ்ரிலின் தாய்,
பரஸ்கீவா