மேல்கரையில் தொங்கிய இறக்கைகள்

ஆவணி 6, வியாழன். காலையில் தூறல்.

கூறைப்புடவையைப் பார்த்த மாப்பிள்ளையின் தாயார் கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். என் கடையில், என் பாயில் உட்கார்ந்து.

கல்யாணப் பெண் வசந்தா காலேஜில் கல், மண் பற்றிப் பாடம் சொல்கிறவள். மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் விமானம் கட்டும் இடத்தில் வேலை; இறக்கையை எவ்வளவு சாய்க்க வேண்டும் என்று கணக்குப் போடுவதாம். கரைக்கு அவளே படம் வரைந்து கொடுத்தாள். ஒரு படிகம், ஒரு விமானம், மாற்றி மாற்றி. படிகம் இரண்டு முனையும் கூராக, ஆறு முகமும் முழுசாக. விமானம் எதிரே வருகிற மாதிரி: உருண்டை வயிறு, இரண்டு இறக்கையும் லேசாக மேலே தூக்கி. அப்படித் தூக்கியிருந்தால் காற்றில் ஒரு பக்கம் சரிந்தாலும் தானே நிமிருமாம். நல்ல சகுனம் என்று நானும் தலையாட்டினேன்.

வசந்தாவுக்கு வரப்போகும் மாமியார் புடவையை விரித்தாள். கீழ்க்கரை பார்த்தாள், சிரித்தாள். மேல்கரை பார்த்தாள்.

"இது இன்னாம்மா?"

"அதே ஏரோப்ளேன்தான் அத்தே" என்றாள் கூட வந்திருந்த வசந்தா.

"இறக்க தொங்குது பாரு. வரிசையா வுழுந்துக்கினு இருக்குது. ஏம்பா நைனாரே, என் வீட்டுக்காரரு ஏரோப்ளேன்ல ஏறினாரு, பொட்டலமா வந்தாரு. அதையா என் மருமவளுக்குக் கட்டி வுடப் பாக்கற?"

எனக்குத் தெரியாது. ஒருவரும் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் விமானத்தை ஒப்புக்கொண்டே இருக்கமாட்டேன்.

மேல்கரையை உள்ளே சொருகினால் தெரியாது என்றேன். முட்டாள்தனம். "எனக்குத் தெரியும்ல?" என்றாள். எழுந்து போய்விட்டாள்.

பொழுது சாய்ந்ததைக் கவனிக்கவில்லை. எங்கள் ஜைன வீட்டில் விளக்கு வைத்தபின் சாப்பாடு கிடையாது. தண்ணீர் கூட இல்லாமல் படுத்தேன். இத்தனை வருஷத்தில் இப்படி மறந்ததில்லை.

ஆவணி 7, வெள்ளி. வெயில்.

புடவையை நெய்த ஏகாம்பரத்தின் தறிக்குப் போனேன். கத்தலாம் என்றுதான் போனேன். அவர் தறிக்குழியிலிருந்து ஏறக்கூட இல்லை.

"கரைக்கு ஓட்ட அடிச்சு மாட்டற அட்ட ஒண்ணுதான் நைனாரே. மேல்கரைக்கு அதையே திருப்பிப் போடறது. உங்களுக்குத் தெரியாததா? மயிலு இத்தினி வருசமா தலகீழாத்தான் நிக்குது. ஒருத்தராவது அழுதாங்களா?"

உண்மை. நானே எத்தனை மயில் விற்றிருக்கிறேன். தலையில் மூட்டை சுமந்து விற்ற காலத்திலிருந்து. கரை என்றால் திருப்பிப் போடுவது, யோசிக்கவே தோன்றாது.

மத்தியானம் வசந்தா தனியாக வந்தாள். கண் வீங்கியிருந்தது. பெங்களூருக்கு, மாப்பிள்ளைக்கு, ட்ரங்க் கால் போட்டாளாம். இறக்கை தொங்குகிற விமானமும் உண்டாம், வேண்டுமென்றே அப்படிக் கட்டுவார்களாம், விழாதாம். இங்கிலீஷில் அதற்கு 'அன்ஹெட்ரல்' என்று பெயராம்; அதே பெயரைத்தான் இவள் பாடத்தில் முகம் அமையாத கல்லுக்கும் சொல்கிறார்களாம்.

"பேரு நல்லாத்தான் இருக்குதும்மா. உங்க மாமியார்கிட்ட போயி சொல்ல முடியுமா?"

"முடியாது" என்றாள். பிறகு புடவையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "படிகத்த எப்படித் திருப்பினாலும் படிகமாத்தான் இருக்குது, பாருங்க."

பார்த்தேன். மேல்கரையிலும் கீழ்க்கரையிலும் ஒரே மாதிரி. சட்டென்று விஷயம் பிடிபட்டது. மேல்கரைக்கு வெறும் படிகம்! விமானம் கீழே மட்டும். புது அட்டை அடிக்க வேண்டும், அவ்வளவுதான். முகூர்த்தம் மாதக் கடைசி. ஏகாம்பரம் ராப்பகலாக உட்கார்ந்தால் ஆகும்.

இன்று வெளிச்சத்திலேயே சாப்பிட்டேன். மோர்க்குழம்பு. உப்பு அதிகம். இருந்தும் இரண்டாம் முறை போட்டுக்கொண்டேன்.

ஆவணி 8, சனி. புழுக்கம்.

மாமியாரே வந்தாள். வசந்தா பின்னால். புதுப் படத்தைக் காட்டினேன். விரலால் தடவி ஒவ்வொரு இறக்கையாகப் பார்த்தாள். சரி என்றாள். கல்யாணம் நடக்கும்.

"அந்தப் புடவ எங்க?"

"விக்கமாட்டேம்மா. சரிகைய உருக்கிடறேன்."

"உருக்காத. எனக்குக் குடு."

வசந்தா என்னைப் பார்க்கிறாள், நான் அவளைப் பார்க்கிறேன். வெள்ளைப் புடவை கட்டுகிற அம்மாள், அரக்குச் சிவப்புக் கூறை எதற்கு?

"அவரு போன ஏரோப்ளேன நான் பாத்ததே இல்லபா. முந்தாநேத்துதான் பாத்தேன்."

வியாபாரத்தில் எல்லாம் கேட்டாயிற்று என்று நினைத்திருந்தேன். மடித்துக் கொடுத்தேன்.

பேசி முடித்தது: புதுப் புடவை பழைய விலைக்கே. அட்டைச் செலவும் ஏகாம்பரத்தின் இரண்டாம் கூலியும் என்னுடையவை. விமானம் விழுகிற புடவை அந்த அம்மாளுக்கு. யாரும் கட்டுவதில்லை, பெட்டியில் இருக்கும். பாதி விலை போதும் என்றேன். முழு விலைதான் தருவேன் என்று நின்றாள். முழு விலை.