தானாய்க் குறைகிற இறுக்கம்

தோஹா

அன்பின் ஐவி,

நீரும் மகளும் சுகமாய் இருக்க மாதாவை மன்றாடுகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. போனில் கதைத்தால் சண்டை வரும் என்றுதான், ஊருக்கு வருகிற கூட்டாளியிடம் இதைக் கொடுத்து விடுகிறேன்.

போன கிழமை நான் பொருத்திய பெரிய குழாயின் மூட்டு ஒழுகி, கையில் கொஞ்சம் சுடுதண்ணீர் பட்டது. பயப்பட ஒன்றுமில்லை. நட்டை நன்றாகத்தான் இறுக்கினேன், யாரும் தொடவில்லை என்று சூப்பர்வைசரிடம் சத்தியம் பண்ணினேன். அவர் சிரித்தார். யாரும் தொடத் தேவையில்லையாம். நடுவில் இருக்கிற ரப்பர் வாஷர் அமுங்கிப் பழகப் பழக, இறுக்கம் தானாய்க் குறையுமாம். அடுத்த நாள் போய்த் திரும்ப இறுக்காததுதான் என் பிழையாம்.

அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஊரில் எங்கள் ஓர்ஸ் ஹில் வீட்டு யோசனைதான். நான் இங்கே வந்து இரண்டு வருஷம். பக்கத்து வீட்டு ஜக்சன் தண்ணீர் மோட்டாரைத் திருத்தினான், சரி. அதற்காக அவனை என்னுடைய கதிரையில் இருத்தி, மீன் குழம்போடு சோறும் போட வேண்டுமா? "பாவமப்பா, நல்ல பெடியன்" என்று வேறு சொல்கிறீர்!

நீர் போர்க்கிற பழைய போர்வையை அனுப்பும். தோய்க்க வேண்டாம்.

கூட்டாளி ஊருக்கு வெளிக்கிடுகிறார். குசினிக் குழாய் ஒழுகுது என்று சொன்னீர். அதற்கும் அவனைக் கூப்பிடாதையும். கீழே வாளியை வையும். நானே வந்து இறுக்குகிறேன்.

பற்றிக்